விபத்துப் பட்டியலில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு: பள்ளிச் சாலைத் திட்டத்தைக் கைவிடலாமா?

மாலதி_சாட்ஸ்வர்த் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்காகக் கேட்கிறேன். கிரேடு ஆர் (முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) முதல் கிரேடு 7 வரை பிள்ளைகள். சாலைப் பாதுகாப்புக்கென்று இருக்கும் பணம் ஒரே ஒரு வேலைக்குத்தான் காணும். பள்ளி வாசலில் சாலை கடக்கும் ஏற்பாடும் வேன் சோதனையும் வேண்டும் என்கிறார்கள் ஒரு பக்கத்தார். டிசம்பர் விடுமுறைக்கு முன்னால் குடித்துவிட்டு ஓட்டுவதை எதிர்த்துப் பிரசாரம் செய்யலாம் என்கிறார்கள் இன்னொரு பக்கத்தார்.

பொருளாளர் ஐயா, ஆர்.டி.எம்.சி. (சாலைப் போக்குவரத்து மேலாண்மைக் கழகம்) வெளியிட்ட வயது, ஆண்-பெண் வாரியான சாவுப் பட்டியலை அச்செடுத்து வந்து மேசையில் போட்டார். 0–4, 5–9, 10–14 மூன்றையும் கூட்டினாலும் 25–39 வயது ஆண்களின் பக்கத்தில்கூட வரவில்லை. "சாவது இளைஞர்கள். பணம் அங்கேதான் போகணும்" என்கிறார். யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவர் வாதம் சரியா? இந்த மாதிரிப் பட்டியலை எப்படிப் படிக்க வேண்டும்? எங்கள் வட்டாரத்துக்கென்று எண் எங்கே கிடைக்கும்?

---

கணக்கர்:

பொருளாளர் காட்டிய எண் சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் இடிக்கிறது.

முதலில் அவர் பக்கம் இருக்கும் நியாயம். தென்னாப்பிரிக்காவில் சாலையில் இறப்பவர்களில் நாலில் மூன்று பங்கு ஆண்கள். உலகக் கணக்கிலும் ஆண்களின் சாவு பெண்களைப் போல ஏறக்குறைய 3 மடங்கு. எண்ணிக்கையை விட்டுவிட்டு மக்கள்தொகை விகிதம் போட்டாலும் இளம் ஆண்கள்தான் மேலே நிற்பார்கள். கற்பனை எண்ணில் பாருங்கள்: ஒரு மாவட்டத்தில் 5–9 வயதுச் சிறுவர்கள் 40,000, சாவு 6, 30–34 வயது ஆண்கள் 50,000, சாவு 30. லட்சத்துக்கு 15, லட்சத்துக்கு 60. வித்தியாசம் மறையவில்லை. "விகிதம் போட்டால் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள்" என்று கூட்டத்தில் யாராவது எழுந்தால் உட்கார வைத்துவிடுங்கள், அது நிற்காது.

ஆனால் இரண்டு விஷயம். எட்டு வயதுப் பிள்ளை ஒரு நாளில் சாலையில் இருப்பது எவ்வளவு நேரம்? பள்ளிக்குப் போக, வர, கடைக்கு ஒரு நடை. வேலைக்குப் போகும் ஆண் பல மணி நேரம் சாலையில் கிடக்கிறார், இரவிலும் கிடக்கிறார். சாலையில் இருக்கும் மணிக்கணக்கால் வகுத்தால் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கும். அடுத்தது, 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு உலக அளவில் முதல் காரணமே சாலை விபத்துதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களோடு ஒப்பிட்டால் குறைவாகத் தெரிவதற்குக் காரணம், அந்த வயதில் பொதுவாகவே சாவு குறைவு. அந்தக் குறைவான சாவுகளில் பெரிய பங்கு சாலையில் நடக்கிறது.

இனி பட்டியலைப் படிக்கும்போது தவறும் இடங்கள்.

வயதுக் கட்டு. 0–4 என்ற ஒரே கட்டுக்குள் மடியில் உட்கார்ந்து போகும் கைக்குழந்தையும் இருக்கிறது, வாசல் கேட்டைத் திறந்து ஓடும் மூன்று வயதும் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. "குழந்தை" என்று ஓர் அறிக்கை 14 வயதோடு நிறுத்தும். குழந்தைகள் சட்டம் (2005-ன் 38) 18 நிறையாத எல்லாரையும் குழந்தை என்கிறது. 15–19 கட்டை நடுவில் வெட்ட முடியாததால் இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும்போது வேறு வேறு ஆட்களை எண்ணிக்கொண்டிருப்போம். முதலில் அதைச் சரிபாருங்கள்.

"வயது தெரியாது" வரிசை. இதைத் தூக்கிப்போடவும் கூடாது, எல்லா வயதுக்கும் சமமாகப் பங்கிடவும் கூடாது. அடையாளச் சீட்டு இல்லாமல் இரவில் அடிபட்டுக் கிடக்கும் ஆள் பெரும்பாலும் வயது வந்த ஆண் பாதசாரி. பிள்ளை அடிபட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வீட்டார் வந்துவிடுவார்கள், வயது பதிவாகிவிடும். ஆகவே அந்த வரிசையைப் பெரியவர்களுக்குள் மட்டும், ஆண்-பெண் தனித்தனியாகப் பிரித்துப் போடுவது நியாயம்.

சின்ன எண்கள். 2010 ஆகஸ்ட் 25 அன்று கேப் டவுன் பிளாக்ஹீத் ரயில் கடவையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய மினிபஸ் மேல் ரயில் மோதி 10 பிள்ளைகள் இறந்தார்கள். ஒரே காலைப் பொழுது ஒரு மாகாணத்தின் அந்த ஆண்டுப் பிள்ளைகள் கணக்கையே மாற்றிவிடும். உள்ளூர்க் கணக்கு என்றால் 3 முதல் 5 ஆண்டுகளைச் சேர்த்தே போடுங்கள். 2020-ஐ அடிப்படை ஆண்டாக வைக்கவே வேண்டாம்: ஊரடங்கில் நாட்டின் மொத்தச் சாவு 10,000-க்குக் கீழே போய், 2021-ல் மறுபடி 12,500 பக்கம் ஏறியது. அந்த இறக்கத்தைத் தங்கள் திட்டத்தின் பலன் என்று காட்டிக்கொண்டவர்களும் உண்டு.

கடைசியாக, முக்கியமானது: வயது, பால் இரண்டும் போதாது. மூன்றாவதாக "சாலையில் என்னவாக இருந்தார்" என்ற நெடுவரிசை வேண்டும். ஓட்டுநரா, பயணியா, நடந்து போனவரா? அது சேர்ந்தவுடன் பட்டியல் வேறு கதை சொல்லும். பெண்கள் வரிசையில் ஓட்டுநர் குறைவு, பயணியும் பாதசாரியும் அதிகம். பிள்ளைகள் வரிசையில் ஓட்டுநரே கிடையாது. தன்னால் எதையும் தவிர்க்க முடியாத இடத்தில் இருந்து அடிபட்டவர்கள் அவர்கள். "குடித்து ஓட்டாதே" என்று பிள்ளைக்குச் சொல்லி என்ன பயன்?

---

வார்டு_சிஸ்டர்:

கணக்கர் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அது சாவுப் பட்டியல். காயப் பட்டியல் அதில் இல்லை. பிள்ளைகள் விஷயத்தில் இது பெரிய ஓட்டை.

நடந்து போகும் பிள்ளையைக் கார் அடிக்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். பெரியவருக்கு பம்பர் முழங்காலுக்கு அருகே படும். ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம் 110 செ.மீ. சுமார். பம்பர் தொடையிலும், பானெட்டின் முன் விளிம்பு வயிறு-நெஞ்சிலும் படும். பிறகு தூக்கி எறியப்பட்டுத் தலை தரையில் மோதும். தொடை எலும்பு, வயிறு அல்லது நெஞ்சு, தலை என்று மூன்றும் சேர்ந்து வருவதற்கு வாடெல் முக்கூட்டு என்று பெயர். தொடை உடைந்து வந்த பிள்ளை பேசுகிறதே என்று விட்டுவிடாமல் வயிற்றையும் தலையையும் பார்க்கச் சொல்வது இதனால்தான். பக்கி வண்டி (திறந்த பின்தட்டு உள்ள பிக்கப்), பெரிய எஸ்.யூ.வி. என்றால் முன்பக்கம் இன்னும் உயரம். சின்னப் பிள்ளைக்கு நேராகத் தலையிலேயே படும்.

இவர்களில் பலர் பிழைத்துக்கொள்வார்கள். வளரும் முனையில் முறிந்த எலும்பு ஒரு கால் குட்டையாக முடியலாம். தலையில் அடிபட்ட பிள்ளை மூன்று வாரத்தில் வீட்டுக்குப் போய்விடும். கவனம் நிற்கவில்லை, கோபம் வருகிறது, கணக்கு ஏறவில்லை என்பது அடுத்த ஆண்டு வகுப்பில்தான் தெரியும். சாவுப் பட்டியலில் இவர்கள் பூஜ்யம்.

பதிவு எங்கே தவறுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காயம் உள்ள விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும்; அங்கே விபத்து அறிக்கைப் படிவம் நிரப்புவார்கள். சாவு என்றால் அதற்கு மேல் சோக்கோர் என்ற தனிப் படிவம் ஆர்.டி.எம்.சி.க்குப் போகிறது. பிள்ளை அன்றைக்கு "பலத்த காயம்" என்று பதிவாகி, பன்னிரண்டாம் நாள் ஐ.சி.யூ.வில் இறந்தால், அந்தச் செய்தி போலீஸ் கோப்புக்குத் திரும்பிப் போனால்தான் எண்ணிக்கையில் வரும். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் சாலைச் சாவு என்பது சர்வதேச வரையறை. முதல் 24 மணி நேரச் சாவை மட்டும் எண்ணும் நாட்டுக்கு 1.3-ஆல் பெருக்கித் திருத்துவது பழைய ஐரோப்பிய வழக்கம். 7 நாள் எண்ணினால் 1.08. எவ்வளவு விட்டுப்போகும் என்பது இதிலேயே தெரியும்.

சாவுச் சான்றிதழ் வழிக் கணக்கும் சுத்தம் இல்லை. இயற்கையல்லாத சாவு என்று மட்டும் எழுதி, எப்படி என்று எழுதாமல் விட்டால் "குறிப்பிடப்படாத விபத்து" என்ற குறியீட்டில் போய் விழும். அதனால்தான் பிணவறைப் பதிவுகளை நேரே எடுத்து 2009-க்கு ஒரு தேசிய ஆய்வு செய்தார்கள்: காயத்தால் மொத்தச் சாவு 52,493, சாலை விபத்து மட்டும் லட்சத்துக்கு 36.1.

உங்கள் பள்ளிக்கு வேண்டிய எண் போலீசில் கிடைப்பதைவிட மருத்துவமனை அவசரப் பிரிவில் கிடைக்க வாய்ப்பு அதிகம். கேப் டவுன் ரெட் கிராஸ் குழந்தைகள் மருத்துவமனையோடு சேர்ந்த சைல்ட்சேஃப் அமைப்பு இப்படித்தான் வருகிற ஒவ்வொரு பிள்ளையின் வயது, பால், எப்படி அடிபட்டது என்று பதிகிறது. அங்கே சாலையில் அடிபட்டு வரும் பிள்ளைகளில் பெரும்பகுதி நடந்து போனவர்கள்.

பெற்றோர்களுக்கு இன்னொன்று. அடித்த வண்டி தெரிந்தால் பிள்ளையின் ராஃப் (அரசின் சாலை விபத்து நிதி) இழப்பீட்டுக் கோரிக்கைக்குக் காலக்கெடு 18 வயது ஆகும்வரை ஓடாது. அடித்துவிட்டு ஓடிய வண்டி என்றால் பிள்ளைக்கும் 2 ஆண்டுதான். "சின்னப் பிள்ளைதானே, அவசரமில்லை" என்று இருந்து கோட்டைவிடுவது இங்கேதான்.

---

ரேங்க்_நாயுடு:

ஒரு கேள்வி பொருளாளரைக் கேளுங்கள். அந்தப் பட்டியல் செத்தவர் யார் என்று சொல்கிறது. ஓட்டியவர் யார் என்று சொல்கிறதா? பிள்ளையை அடித்த ஸ்டீயரிங் பின்னால் உட்கார்ந்திருந்தவரின் வயதும் பாலும் அந்தத் தாளில் இல்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் "இளைஞருக்கா பிள்ளைக்கா" என்ற சண்டை தீரும். சாட்ஸ்வர்த்தில் இரண்டும் ஒரே சாலைதானே.

---

மாலதி_சாட்ஸ்வர்த்:

எல்லாருக்கும் நன்றி. சிஸ்டர் அக்கா, காயக் கணக்கு யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை.

வேன் பற்றி ஒன்று கேட்கணும். எங்கள் பள்ளிக்கு வரும் ஒரு 16 இருக்கை வண்டியில் 22 பிள்ளைகள். கேட்டால் "சட்டப்படி சரி" என்கிறார் ஓட்டுநர். சும்மா அடித்துவிடுகிறாரா?

---

பெர்மிட்_ஐயா:

சும்மா சொல்லவில்லை அம்மா. அவருக்குச் சட்டம் தெரிந்திருக்கிறது.

தேசிய சாலைப் போக்குவரத்து விதிகள் 2000, விதி 231. வண்டியில் எத்தனை பேர் என்று எண்ணும்போது 3 வயது நிறையாத குழந்தை கணக்கிலேயே இல்லை. 3 முதல் 6 நிறையாதவர் இரண்டு பேர் ஓர் ஆள். 6 முதல் 13 நிறையாதவர் மூன்று பேர் இரண்டு ஆள். ஓட்டுநர் போக 15 இடம் என்றால், 6–12 வயதில் 21 பேர் 14 ஆள், இன்னும் ஒருவர் சேர்ந்து 15. ஆக 22. கிரேடு ஆர் பிள்ளைகள் கலந்திருந்தால் இன்னும் கூடும்.

பெல்ட் எத்தனை? 15. இடுப்புப் பெல்ட் ஒன்றை இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்த்துக் கட்டுவார்கள். மோதும்போது இரண்டு தலையும் ஒன்றோடு ஒன்று மோதும். பெல்ட் இடுப்பெலும்பில் நிற்காமல் வயிற்றில் ஏறிக் குடலையும் முதுகெலும்பையும் பதம் பார்க்கும்.

விதி 213 என்ன சொல்கிறது? 2015 மே முதல் 3 வயது நிறையாத குழந்தை உரிய குழந்தை இருக்கையில்தான் போக வேண்டும். ஆனால் வாடகைக்கு ஓடும் மினிபஸ், மிடிபஸ், பஸ்ஸுக்கு விலக்கு. 3 முதல் 14 வயது வரை, 1.5 மீட்டருக்கு உயராத பிள்ளைக்கு வண்டியில் குழந்தை இருக்கை இருந்தால் அதில். இல்லையென்றால் பெல்ட் உள்ள காலி இடம் இருந்தால் பெல்ட். "இருந்தால்" என்ற சொல்லில்தான் வண்டிக்காரர் தப்பித்துக்கொள்கிறார். சொந்தக் காரில் போகும் குழந்தைக்கு உள்ள காப்பு, அதிக எண்ணிக்கையில் பிள்ளைகள் போகும் வண்டியில் இல்லை. எனக்கு இந்த விலக்கு என்றைக்கும் ஒப்பவில்லை.

எனவே சட்டத்தை நம்பாதீர்கள். பெற்றோர் எழுதிக் கையெழுத்து வாங்குகிற ஒப்பந்தத்தில் "ஒரு பிள்ளைக்கு ஒரு பெல்ட்" என்று போடுங்கள். கட்டணம் ஏறும், அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டாம் மாதமே 22 திரும்பி வந்துவிடும்.

பள்ளி வாசலில் பார்க்க வேண்டியவை: ஓட்டுநரின் தொழில்முறை அனுமதி பயணி வகையா (குறைந்த வயது 21, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், தேதியைப் பாருங்கள்), வண்டிக்கு இயக்க உரிமம் உண்டா, அதில் பள்ளிப் பிள்ளைகள் பாதை எழுதியிருக்கிறதா, தகுதிச் சான்று காலாவதி ஆகவில்லையா. பிறகு வண்டிக்குள் ஏறி ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்து, கொக்கி மாட்டி, பட்டனை அழுத்திப் பாருங்கள். பின் வரிசையில் பெல்ட் இருக்கைக்கு அடியில் புதைந்து கிடக்கும், கொக்கிக்குள் சிப்ஸ் துணுக்கு அடைத்திருக்கும். டயரின் நடுத் தடம் மட்டும் பார்க்காமல் உள் ஓரத்தையும் கையால் தடவுங்கள். ஸ்லைடிங் கதவு முழுக்கப் பூட்டும் சத்தம் இரண்டு முறை கேட்க வேண்டும். ஒன்றே கேட்டால் அது பாதிப் பூட்டு.

பக்கி வண்டியின் பின்தட்டில் பிள்ளைகளைக் காசு வாங்கி ஏற்றுவது 2017 மே 11 முதல் குற்றம், மேலே கூண்டு மாட்டியிருந்தாலும். கூண்டு சரிந்தால் பிள்ளைகளை வெளியே விடும், பிடித்து வைக்காது.

சொந்தக் காரில் கொண்டுவிடுகிறவர்களுக்கு: பின்னோக்கி வைக்கும் இருக்கையை ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் வைக்காதீர்கள். கனத்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வாரைக் கட்டுங்கள். தோளருகே வாரை விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு வரக் கூடாது. ஏற்கெனவே மோதிய காரில் இருந்த இருக்கையை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். வாங்க வசதியில்லாதவர்களுக்கு வீல் வெல் என்ற தொண்டு அமைப்பு பழைய இருக்கைகளைச் சோதித்துச் சுத்தம் செய்து கொடுக்கிறது.

---

கணக்கர்:

மாலதி அம்மா கேட்ட மூன்றாவது கேள்வி பாக்கி: உள்ளூர் எண்.

ஈத்தெக்வினி (டர்பன்) மாநகராட்சிப் போக்குவரத்துப் பிரிவிடம் சாலைப் பெயர் சொல்லி எழுதிக் கேளுங்கள். "சாட்ஸ்வர்த் விபத்துக் கணக்கு" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான தாள் ஒன்று வரும். பள்ளியைச் சுற்றி 1 கி.மீ.க்குள் எந்தெந்தச் சாலை, கடந்த 5 ஆண்டு, சாவு, பலத்த காயம், லேசான காயம் தனித்தனி, வயது, பால், பாதசாரியா பயணியா, நாள், மணி என்று நெடுவரிசைகளை நீங்களே வரைந்து அனுப்புங்கள். மணி முக்கியம். பெரிய ஆண்களின் சாவு வார இறுதி இரவுகளில் குவியும். பள்ளிப் பிள்ளைகளின் காயம் பள்ளி விடும் நேரத்தையும் சாயங்காலத்தையும் ஒட்டி வரும். பொருளாளரின் டிசம்பர்ப் பிரசாரம் தொடாத நேரம் அது.

அதோடு பள்ளியிலேயே ஒரு நோட்டு வையுங்கள். அடிபட்ட பிள்ளை மட்டும் போதாது, மயிரிழையில் தப்பியதையும் எழுதுங்கள். ஐந்து விபத்துக்குக் காத்திருந்தால் பாடம் வர ஐந்து ஆண்டு ஆகும். வகுப்பு, ஆணா பெண்ணா, மணி, எந்தக் கம்பத்தருகே, நடந்தா வேனிலிருந்து இறங்கியா, இவ்வளவு போதும். ஆறு மாதத்தில் ஒன்று தெரியவரும் என்று ஊகிக்கிறேன்: மினிபஸ் இடது ஓரம் நிற்கிறது, பிள்ளை இறங்கி வண்டியின் முன்னால் சுற்றி வலது பக்கம் கடக்கிறது, முந்திவரும் வண்டிக்காரருக்கு அது கடைசி நொடிவரை தெரிவதில்லை. இதற்குத் தீர்வு மலிவு. பள்ளி இருக்கும் பக்கத்தில் மட்டும்தான் இறக்க வேண்டும், வண்டி சுற்றி வந்தாலும் சரி.

வேகத்தை எப்படி விளக்குவது என்றால், சுண்ணாம்பால் சாலை ஓரத்தில் கோடு போட்டே காட்டலாம். மணிக்கு 40 கி.மீ.யில் வருபவர் பிள்ளையைப் பார்த்து, ஒரு நொடியில் பிரேக்கை மிதித்தால், காய்ந்த சாலையில் 20 மீட்டரில் நிற்பார் (11 மீட்டர் யோசிக்க, 9 மீட்டர் பிரேக்கில்). 60-ல் வருபவருக்கு யோசிக்கவே கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். முதல் வண்டி நின்றுவிட்ட அதே 20-ஆம் மீட்டரில் இவர் இன்னும் 55-ல் வந்துகொண்டிருப்பார். நகருக்குள் பொது வேக வரம்பு 60 என்பதை நினைவில் வையுங்கள். சட்டத்தை மீறாதவரே அந்த 55-ல் வருகிறார். வேகத்தடை கேட்டு எழுதும் மனுவில் இந்தக் கோட்டின் படத்தை வைத்து அனுப்புங்கள். ஹிகின்சன் ஹைவே பக்கமிருந்து இறங்கி வருபவர்களுக்கு வேகம் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே தடை வாசலுக்கு நேரே வேண்டாம், வாசலுக்கு முன்பே வரட்டும்.

---

மாலதி_சாட்ஸ்வர்த்:

அந்த நோட்டில் பிள்ளைகள் பெயரும் எழுதலாமா? கூட்டத்தில் காட்ட வசதியாக இருக்குமே.

---

கணக்கர்:

வேண்டாம். பொப்பி சட்டத்தில் (தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்) பிள்ளைகளின் தகவலுக்குத் தனிக் காப்பு இருக்கிறது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பெயர் கூடாது. பெயர் இல்லாவிட்டாலும் "கிரேடு 3, பெண், இன்ன தெரு" என்று ஒரே ஒரு ஆள் இருக்கும் கட்டத்தைக் காட்டினால் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். எண் 5-க்குக் குறைவான கட்டங்களைப் பக்கத்து வகுப்போடு சேர்த்துவிடுங்கள். கிரேடு ஆர் முதல் 3 ஒரு கட்டு, 4 முதல் 7 இன்னொரு கட்டு. உங்கள் பள்ளி அளவுக்கு அது போதும்.